சாப்பாட்டு மேசையில் ஒரு நிலவறை: வாங்குமுன் மூலைகளை எண்ணுங்கள்

கற்சுவர், மரக்கதவு, இடிந்த தூண், படிக்கட்டு. எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் துண்டுகள். அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்தால் சாப்பாட்டு மேசையில் ஒரு நிலவறை எழும். ஆட்டம் முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடலாம். அடுத்த வாரம் அதே துண்டுகள் கோட்டையாகலாம், கல்லறையாகலாம், கொள்ளையர் பதுங்கும் கிடங்காகலாம்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற மேசைக் கற்பனை விளையாட்டுகளை ஆடுவோருக்கு இந்தத் துண்டுகள்மீது தனி ஈர்ப்பு உண்டு. விலையும் அதற்கேற்ப உண்டு. சேமித்த அங்பாவ் பணத்தையும் முதல் சம்பளத்தையும் இதில் செலவிடும் இளையர் சிலர், பெட்டியைத் திறந்ததும் ஏமாந்து போகிறார்கள். பொருள் மட்டமானது என்பதால் அன்று. விளம்பரப் படத்தில் இருந்தது மூன்று மாடிக் கோட்டை. வாங்கிய பெட்டியில் இருப்பது ஓர் அறை.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ‘டன்ஜன் மாஸ்டர்’ எனப்படும் ஆட்டநடத்துநர் கதையை நகர்த்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி, முடிவெடுத்து, பகடை உருட்டுவார்கள். ‘டன்ஜன்’ என்பதற்கு நிலவறை என்று இன்று சொல்கிறோம். நிலத்தடி வழிக்குப் பழந்தமிழில் ‘சுருங்கை’ என்றே ஒரு சொல் உண்டு. இந்த விளையாட்டுக்கு அது இன்னும் பொருத்தமாகவே இருக்கும்.

சண்டைக் கட்டம் வரும்போதுதான் யார் எங்கே நிற்கிறார் என்ற கேள்வி எழும். அதற்காகச் சிறு பொம்மை உருவங்களை மேசையில் நிறுத்துவது வழக்கம். அந்த உருவங்கள் நிற்கும் தரை, சுவர், பாலம், மரம் ஆகிய அனைத்தையும் ஆங்கிலத்தில் ‘டெரெய்ன்’ என்கிறார்கள். தமிழில் நிலக்காட்சி எனலாம். நவராத்திரிக் கொலுப் படிகளுக்குக் கீழே பூங்காவும் தெப்பக்குளமும் அமைத்துப் பழகிய வீடுகளுக்கு இந்த ஆசை புரியாத ஒன்றல்ல. ஒவ்வோர் ஆண்டும் அதே பொம்மைகள், வேறு அடுக்கு, கூடவே புதிதாக ஓரிரண்டு.

200 ஆண்டுக்கு முந்தைய மேசை

கோத்துப் பிரிக்கும் நிலக்காட்சி நேற்று வந்த வணிகம் அன்று. 1812ஆம் ஆண்டில் ஜார்ஜ் லியோபோல்ட் வான் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர், தம் மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு ஒரு போர் விளையாட்டு மேசையை வழங்கினார். மேசையின் இழுப்பறைகளில் மலை, ஆறு, சாலை பொறித்த சதுரத் துண்டுகள் இருந்தன. வேண்டியபடி அடுக்கினால் வேண்டிய போர்க்களம் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. அவருடைய மகன் 1824ஆம் ஆண்டில் விளையாட்டைத் திருத்தி வெளியிட்டபோது துண்டுகளைக் கைவிட்டுக் காகித நிலப்படத்துக்கு மாறினார். அழகான துண்டுகள் அரண்மனைக்குப் பொருந்தின. படைப்பிரிவுகளுக்குப் பரவியதோ காகிதத்தில் ஆடிய வடிவம்தான். இன்றும் தொடக்கநிலை ஆட்டக்காரருக்குக் கட்டம் போட்ட விரிப்பும் அழிக்கக்கூடிய பேனாவும் போதும் என்று சொல்வதில் தவறில்லை. நிலக்காட்சி இல்லாமலேயே இந்த விளையாட்டை ஆடலாம். பலர் ஆடவும் செய்கிறார்கள்.

கற்பனை விளையாட்டுகளுக்கான துண்டுகளைத் தொழிலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கச் சிற்பி ஸ்டெஃபன் பொகோர்னி. அவர் 1996ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டுவார்வன் ஃபோர்ஜ்’ நிறுவனம் முதலில் ரெசினில் வார்த்த நிலவறைகளை விற்றது. 2013ஆம் ஆண்டில் எளிதில் உடையாத பிவிசி வகைப் பொருளுக்கு மாறி, இணையக் கூட்டுநிதித் தளமான ‘கிக்ஸ்டார்ட்டர்’ வழியாக ஏறத்தாழ 1.9 மில்லியன் அமெரிக்க டாலர் திரட்டியது. பிறகு ‘விஸ்கிட்ஸ்’ நிறுவனத்தின் ‘வார்லாக் டைல்ஸ்’ வந்தது. வீட்டிலேயே முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்ளும் வடிவங்களும் பெருகின.

ஓர் அங்குலம், ஐந்து அடி

கடைக்குப் போகுமுன் அளவுநாடாவை எடுக்க வேண்டும். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கட்டத்தில் ஓர் அங்குலம் என்பது கதையுலகில் ஐந்து அடி. மனித உருவம் ஒன்று ஓர் அங்குலச் சதுரத்தில் நிற்கும். வழக்கமான கதைமாந்தர் ஒரு சுற்றில் 30 அடி, அதாவது ஆறு கட்டம் நகர்வார்.

விற்கப்படும் தரைத்துண்டுகள் பெரும்பாலும் இரண்டு அங்குலச் சதுரங்கள். 120 சென்டிமீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சாப்பாட்டு மேசையை எடுத்துக்கொள்வோம். அதை முழுதாக நிரப்ப 322 துண்டுகள் வேண்டும். யாரும் அப்படி நிரப்புவதில்லை. ஆளுக்கொரு குறிப்புத்தாள், பகடை, தேநீர்க் கோப்பை எல்லாம் வைத்தபின் நடுவில் மிஞ்சுவது இரண்டு அடிச் சதுரம்தான் என்று வைத்துக்கொண்டாலும், அதை மூட 144 துண்டுகள் தேவை. கதையுலகில் அது 120 அடிச் சதுரம். ஒரு கிராமத்துச் சந்தைகூட அதற்குள் முழுதாக அடங்காது.

ஆகவே உலகத்தையே வாங்கும் எண்ணத்தை முதலிலேயே கைவிடுவது நல்லது. சண்டை நடக்கும் அந்த ஓர் அறை, அதை ஒட்டிய நடைவழி, ஒரு கதவு. வீரர்கள் இன்னும் காணாத பகுதியை அடுக்கவே வேண்டாம். கதவைத் திறந்தபின் அடுக்கினால் போதும். முதல் அறையைக் கடந்தபின் அதன் துண்டுகளை எடுத்தே அடுத்த அறையையும் கட்டலாம்.

இன்னொரு சிக்கல் விரல். ஐந்து அடி நடைவழி என்றால் மேசையில் ஓர் அங்குலம். இருபுறமும் உயரமான சுவர் இருந்தால் பெரியவர்களின் விரல் உள்ளே போய் உருவத்தை எடுக்க முடியாது. அதனால்தான் பலர் நடைவழியைப் பத்து அடியாக, அதாவது இரண்டு அங்குலமாக வைக்கிறார்கள். குட்டைச் சுவர்களை விரும்புவதற்கும் அதுவே காரணம். உயரச் சுவர் படத்தில் அழகு. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கோ சுவரின் முதுகுதான் தெரியும்.

பெட்டியில் எத்தனை மூலை?

விளம்பரம் ‘60 துண்டுகள்’ என்று சொல்லும். அந்த எண்ணிக்கையில் பீப்பாயும் மெழுகுவத்தியும் சேர்ந்திருக்கலாம். வாங்குபவர் பார்க்க வேண்டிய எண் வேறு.

தரையும் சுவரும் ஒரே துண்டாக வரும் வகையில் எட்டு அங்குலச் சதுர அறை ஒன்றைக் கட்ட 16 துண்டுகள் ஆகும். அவற்றுள் நான்கு மூலைத்துண்டுகள், எட்டு சுவர்த்துண்டுகள், நான்கு வெறுந்தரைகள். ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குல அறை என்றால் மொத்தமே ஆறு துண்டுகள்: நான்கு மூலை, இரண்டு சுவர். வெறுந்தரை ஒன்றுகூட வேண்டாம். அறை எவ்வளவு சிறியதானாலும் நான்கு மூலைகள் இல்லாமல் தீராது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். பெட்டியில் மூலைத்துண்டு நான்குதான் இருந்தால், சுவரும் தரையும் எத்தனை இருந்தாலும் ஒரே நேரத்தில் ஓர் அறைதான் எழும். இரண்டு அறைகளும் இடையே வளைந்து செல்லும் ஒரு வழியும் வேண்டும் என்றால் மூலைத்துண்டு எட்டுக்கு மேல் தேவை. கதவு வைத்த சுவர்த்துண்டும் அப்படியே; ஒரே கதவுள்ள பெட்டியில் நுழைந்த வழியே திரும்பி வர வேண்டியதுதான். விலையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பதைவிட, எத்தனை வகை அறை கட்டலாம் என்பதைக் காகிதத்தில் வரைந்து பார்ப்பது நல்லது. கட்டக் காகிதத்தில் பத்து நிமிட வேலை.

சுவர் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தரைத்துண்டின்மீதே சுவர் எழும் வகையில், இரண்டு அங்குலத் துண்டில் நிற்கும் இடம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. ஓரத்து உருவங்கள் சுவரில் இடிக்கும். சுவரைத் தரைக்குப் பக்கத்தில் தனியே செருகும் வகையில் கட்டம் முழுதாகக் கிடைக்கும்; ஆனால் இரண்டு அறைகளை அடுத்தடுத்து வைக்கும்போது சுவரின் கனம் இடையில் புகுந்து கட்டங்கள் நேர்கோட்டில் அமையாமல் போகலாம். எந்த வகையும் குறையற்றதன்று. இரண்டையும் கலப்பதுதான் பெரிய தொல்லை. ஒரு நிறுவனத்தின் தரை கனமாகவும் இன்னொன்றின் தரை மெல்லியதாகவும் இருந்தால் இடையில் ஒரு படி விழும், உருவம் சாயும்.

முதல் பெட்டி வாங்கும் நாளிலேயே இரண்டாவது, மூன்றாவது பெட்டிகளும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. 80 வெள்ளிக்குக் கிடைத்தது என்று ஒரு வகையும், பிறகு அழகாக இருக்கிறதென்று வேறொரு வகையும் வாங்கினால், இரண்டு தனித்தனி அறைகள்தாம் கையில் இருக்கும்.

கோப்பது எப்படி

துண்டுகளை இணைக்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. வெறுமனே ஒட்டி அடுக்குவது முதலாவது. வேகமானது; நடு ஆட்டத்தில் ஒரு துண்டை உருவி வேறொன்றை வைக்கலாம். யாராவது முழங்கையால் இடித்தால் நிலவறை முழுதும் நகரும் என்பது இதன் குறை. அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டாவது, கிளிப் மாட்டுவது. ‘வார்லாக் டைல்ஸ்’ துண்டுகளும், நியூசிலாந்தின் ‘பிரிண்டபிள் சீனரி’ பரப்பிய ‘ஓப்பன்லாக்’ முறையும் இவ்வகை. அறையை அப்படியே தூக்கி அலமாரியில் வைக்கும் அளவுக்கு உறுதி உண்டு. ஆனால் நடுவிலுள்ள துண்டை எடுக்கச் சுற்றியுள்ளவற்றையும் கழற்ற வேண்டும். ஆட்டநடத்துநர் முன்கூட்டியே கட்டிவைப்பவர் என்றால் இது ஏற்றது. ஆடும்போதே கட்டுபவருக்கு எரிச்சலூட்டும். கிளிப்புகள் தொலையவும் செய்யும்.

மூன்றாவது, காந்தம். டெவன் ஜோன்ஸ் வடிவமைத்து இலவசமாக வெளியிட்ட ‘ஓப்பன்ஃபோர்ஜ்’ துண்டுகளில் இந்த முறை உண்டு. பள்ளத்துக்குள் தளர்வாக இருக்கும் காந்தக் குண்டு தானே திரும்பிக்கொள்வதால் எந்தப் பக்கத்தை எங்கே வைத்தாலும் ஒட்டும். மூன்று வழிகளில் மிக இனிமையானது இதுவே. இருந்தாலும் வீட்டில் சின்னஞ்சிறு பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடல்சுவரின் இருபுறமும் இருந்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிடக்கூடும். உடனடி மருத்துவமனை சிகிச்சை தேவைப்படும் ஆபத்து அது.

வெயிலும் ஈரமும்

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பல, குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. சிங்கப்பூர், மலேசிய ஈரப்பதத்தில் சில பொருள்கள் வேறுவிதமாக நடந்துகொள்ளும். லேசரால் வெட்டிய ‘எம்டிஎஃப்’ பலகைத் துண்டுகள் மலிவானவை. பூச்சு இல்லாத ஓரங்கள் ஈரத்தை உறிஞ்சி உப்பும், பிறகு ஒன்றோடு ஒன்று பொருந்தா. அட்டைத் துண்டுகள் வளையும். முப்பரிமாண அச்சில் பெரிதும் பயன்படும் ‘பிஎல்ஏ’ ஏறக்குறைய 60 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்குவதால், நண்பகலில் காருக்குள் விட்டுச்சென்ற பெட்டி நெளிந்துபோகலாம்.

பிவிசி வகைத் துண்டுகள் இவற்றைத் தாங்கும், ஆனால் விலை கூடுதல். ரெசின் அழகாக இருக்கும். கீழே விழுந்தால் உடையும். பிளாஸ்டர் ஆஃப் பாரிசை அச்சில் ஊற்றி வீட்டிலேயே செங்கல் செங்கலாக வார்ப்பவர்களும் உண்டு. செலவு குறைவு, எடை மிகுதி. நான்காவது மாடிக்குத் தூக்கிச் சென்று ஆட வேண்டியவர் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வைக்கும் இடமும் விலையின் ஒரு பகுதி. வீவக வீடுகளில் பலரும் பாம் ஷெல்டர் அறையில்தான் எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள். மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை, வெளியே என்ன இருக்கிறது என்று எழுதிய தாள். இவ்வளவு போதும்.

கையால் செய்ய நினைப்பவர்களுக்குப் பிராஸ் பசா வளாகத்தின் கலைப்பொருள் கடைகள் பழக்கமானவையே. அடர்த்தியான நுரைப்பலகையை வெட்டி, கல் வரிகளைப் பென்சிலால் அழுத்தி, சாம்பல் வண்ணம் பூசினால் நல்ல நிலவறைத் தரை கிடைக்கும். ஸ்பிரே வண்ணத்தை நேரே அடித்தால் அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். முதலில் பசையும் கறுப்பு அக்ரிலிக் வண்ணமும் கலந்து தூரிகையால் பூசி மூட வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின் அடர்சாம்பல், அதன்மேல் காய்ந்த தூரிகையால் வெளிர்சாம்பலை லேசாகத் தேய்த்தால் கல்லின் விளிம்புகள் எழுந்து தெரியும்.

அச்சிடுவோர் கவனத்துக்கு

முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குத் துண்டு ஒன்றின் பொருட்செலவு சில காசுகளிலிருந்து ஒரு வெள்ளிக்குள் அடங்கிவிடலாம். செலவாவது நேரம். ஒரு தரைத்துண்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் 60 துண்டுக்கு 60 மணி நேரம். நிலக்காட்சிக்கு இழையை உருக்கி அச்சிடும் இயந்திரமே போதுமானது. திரவ ரெசின் இயந்திரம் நுண்ணிய உருவங்களுக்கு ஏற்றது. ஆனால் உறையாத ரெசின் தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. கையுறையும் நல்ல காற்றோட்டமும் இல்லாத படுக்கையறையில் அதை வைக்கக்கூடாது. மிச்சத்தைக் கழிநீர்த் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

இயந்திரம் இல்லாதவர்கள் அச்சிட்டுத் தருவோரிடம் வாங்கும்போது உரிமத்தைக் கேட்பது முறை. பல வடிவக் கோப்புகள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் விற்கப்படுபவை. அச்சிட்டு விற்கத் தனி அனுமதி வேண்டும்.

கப்பல் செலவும் வரியும்

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது பெட்டியின் விலையைவிட அதன் கனஅளவு பணத்தைத் தின்னும். நிலக்காட்சிப் பெட்டிகள் பெரியவை. கூரியர் நிறுவனங்கள் எடையோடு பெட்டி அடைக்கும் இடத்தையும் கணக்கிட்டுக் கட்டணம் விதிக்கின்றன.

சிங்கப்பூரில் 400 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களுக்கும் 2023 ஜனவரி 1 முதல் பொருள், சேவை வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு. பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்களும் மின்வணிகத் தளங்களும் வாங்கும்போதே அதைச் சேர்த்துவிடுவர். 400 வெள்ளியைத் தாண்டினால் பொருள் நாட்டுக்குள் வரும்போது வரி கட்ட வேண்டும்; அப்போது அனுப்புசெலவும் காப்புறுதியும் சேர்ந்த மதிப்பின்மீது கணக்கிடப்படும். ஏற்கெனவே வரி செலுத்தியதைக் காட்டும் ரசீதைப் பத்திரப்படுத்துவது இரட்டை வரியைத் தவிர்க்க உதவும். மலேசியாவில் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாமல் இணையத்தில் வாங்கும் இறக்குமதிப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி நடப்பில் உள்ளது.

நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் அனுப்புசெலவு குறையும். ஆனால் ஆளுக்கொரு சிறு பொட்டலம் என்றால் ஒரு வகையாகவும், மொத்தம் 400 வெள்ளியைத் தாண்டினால் வேறு வகையாகவும் வரி அமையும் என்பதை முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும்.

புதிய நிலக்காட்சிகள் பல கூட்டுநிதித் தளங்களில்தான் முதலில் தலைகாட்டுகின்றன. அங்கே செலுத்துவது விலையன்று, ஆதரவு. தான் ஒரு கடை அல்ல என்று ‘கிக்ஸ்டார்ட்டர்’ தளமே 2012ஆம் ஆண்டில் அறிவித்தது. பொருள் ஓராண்டு தாமதமாகலாம், வராமலும் போகலாம். அனுப்புசெலவைப் பிறகு தனியாகக் கேட்பதும் உண்டு. கொடுத்த பணம் திரும்பாவிட்டாலும் அந்த மாதம் தள்ளாடாது என்ற நிலையில் உள்ளவர்கள் மட்டும் அதில் இறங்கலாம். பள்ளி மாணவர்களுக்கு அது ஏற்ற இடமன்று.

முதல் செலவாக எதை வாங்கலாம்? கட்ட விரிப்பு. அடுத்தது உதிரிப் பொருள்கள்: கதவு, தூண், பீப்பாய், உடைந்த சுவர், பாலம். வரைந்த கட்டத்தின்மீது இவற்றை வைத்தாலே எங்கே ஒளியலாம், எதன்மேல் ஏறலாம், எது வழியை மறிக்கிறது என்ற மூன்றும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆட்டத்துக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான். தரையும் சுவரும் உள்ள பெட்டியைச் சில மாதங்கள் ஆடிய பிறகு, குழு கலையாமல் நிலைத்தால் வாங்கலாம்.

அப்போதும் புதியதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வீடு மாறுபவர்களும் ஆர்வம் தணிந்தவர்களும் ‘கேரோசல்’ போன்ற தளங்களில் விற்கிறார்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும், மூலைத்துண்டுகள், கதவுகள், கிளிப்புகளின் எண்ணிக்கையையும் விற்பவரிடம் கேட்டுப் பெறலாம். எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றும்போது, ஏற்கெனவே துண்டுகள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்துப் பார்க்கலாம். சேராவிட்டால் நன்றி சொல்லிவிட்டு ரயிலேறிவிடலாம்.